பிளாக்ஜாக் ‘ஃபார்முலா’ தெரிந்தாலும் பணம் கரைவது ஏன்? லாஸ் வேகஸ் டேபிள்களை மாற்றிய ஒரு விதி

2025 ஜூனில் லாஸ் வேகஸுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட சுமார் 11 சதவீதம் குறைந்தது. ஹோட்டல், பார்க்கிங் என எல்லாக் கட்டணமும் எகிறிப்போச்சு என்பது பயணிகளின் புலம்பல். அந்தப் புலம்பலில் ஒரு சீட்டாட்ட விதியும் அடிபடுகிறது: ‘6:5’. ‘பிளாக்ஜாக் மூளையை வைத்து ஆடும் ஆட்டம்’ என்று நம்பி உட்காரும் புதியவர்களின் பாக்கெட்டில்தான் இது அதிகம் கைவைக்கிறது. எப்படி?

ஆட்டம் என்ன?

21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ராஜா, ராணி, ஜாக்கிக்கு 10. ஏஸுக்கு 1 அல்லது 11. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அதுதான் ‘பிளாக்ஜாக்’. டீலரின் ஒரு சீட்டு திறந்தே இருக்கும். அவருக்கென்று சொந்த முடிவு கிடையாது. 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும்.

கேசினோவின் லாபம் வரிசையில் இருக்கிறது. ஆடுபவர்தான் முதலில் சீட்டு எடுக்கிறார். 21-ஐத் தாண்டினால் பணம் உடனே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பாது.

‘பேசிக் ஸ்ட்ராட்டஜி’ எப்படி வந்தது?

அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள அபர்டீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் ஆகிய நான்கு பேர், மேசைக் கால்குலேட்டர்களை வைத்தே ஒவ்வொரு கைக்கும் சிறந்த முடிவைக் கணக்கிட்டனர். 1956-ல் அது அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளியானது. 1962-ல் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் எழுதிய புத்தகம் அதை மேலும் பிரபலமாக்கியது.

அதன் சாரம் இதுதான்:

* கையில் 17 அல்லது அதற்கு மேல் (ஏஸை 11 ஆக எண்ணாமல்): நிறுத்திவிட வேண்டும்.
* 13 முதல் 16 வரை: டீலரிடம் 2 முதல் 6 வரை தெரிந்தால் நிறுத்த வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் என்றால் எடுக்க வேண்டும்.
* 12: டீலரிடம் 4, 5, 6 என்றால் மட்டும் நிறுத்த வேண்டும்.
* 11: டீலரிடம் 2 முதல் 10 வரை என்றால் பெட்டை இரட்டிப்பாக்கலாம்.
* இரண்டு ஏஸ், இரண்டு 8: எப்போதும் பிரிக்க வேண்டும். இரண்டு 10-ஐப் பிரிக்கவே கூடாது.
* ‘இன்சூரன்ஸ்’: வேண்டவே வேண்டாம்.

டீலரிடம் 6 இருந்தால் ஏன் நிறுத்த வேண்டும்? 52 சீட்டில் 16 சீட்டின் மதிப்பு 10. டீலரிடம் 6 தெரியும்போது அவர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். அவரே தடுமாறட்டும் என்று விட்டுவிடுவதே லாபம்.

ஜெயிக்க அல்ல, குறைவாகத் தோற்க

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கையில் 16, டீலரிடம் 10 என்று வையுங்கள். எடுத்தாலும் நிறுத்தினாலும் சுமார் நான்கில் மூன்று முறை தோல்விதான். அட்டவணை ‘எடு’ என்பது அதில் நஷ்டம் ஒரு துளி குறைவு என்பதால்தான்.

நல்ல விதிகள் உள்ள டேபிளில் அட்டவணைப்படி பிசகாமல் ஆடினால், கேசினோவின் சாதகம் சுமார் 0.5 சதவீதமாகக் குறையும். பூஜ்ஜியம் ஆகாது.

6:5 என்ன செய்கிறது?

முன்பெல்லாம் பிளாக்ஜாக் வந்தால் 3:2 கணக்கில் பணம் கிடைக்கும். 10 டாலர் வைத்தால் 15 டாலர். 2000-களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸில் தலைகாட்டிய 6:5 டேபிளில் அதே கைக்கு 12 டாலர்தான். இன்று நகரின் பிரபல கேசினோ சாலையில், குறைந்த தொகைக்கு ஆடும் டேபிள்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

‘மூணு டாலர்தானே’ என்று தோன்றும். ஆனால் சுமார் 21 கைக்கு ஒருமுறை பிளாக்ஜாக் வரும். இந்த ஒரு மாற்றமே கேசினோவின் சாதகத்தை சுமார் 1.4 சதவீதம் கூட்டிவிடுகிறது. மணிக்கு 80 கை, கைக்கு 10 டாலர் என்றால், சராசரி நஷ்டம் 4 டாலரிலிருந்து 15 டாலராகிறது. அட்டவணையைக் கரைத்துக் குடித்தவருக்கும் இதே கதிதான்.

அப்போ என்ன பார்க்க வேண்டும்?

சீட்டைப் பார்க்கும் முன் டேபிளைப் பாருங்கள். பச்சைத் துணியிலோ பக்கத்துப் பலகையிலோ 3:2-ஆ, 6:5-ஆ என்று எழுதியிருக்கும். ‘6:5’ என்றால் எழுந்து போவதுதான் நல்ல முடிவு. 3:2 என்றாலும், அங்கே வைப்பது சினிமா டிக்கெட்டுக்குக் கொடுப்பது போன்ற செலவுக் காசு. அதை வருமானமாக நினைக்க எந்த அட்டவணையும் இடம் தருவதில்லை.