கதவுப் பூட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள்

காரில் ஏசி நின்றுபோனால் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடுகிறோம். சென்ட்ரல் லாக் ஒரு கதவில் வேலை செய்யவில்லை என்றால், "அந்தப் பக்கம் யார் உட்காருகிறார்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பென்னாகரத்தில் எனக்குத் தெரிந்த பழைய கார்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. இது தவறு என்பது என் கருத்து.

2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். சின்னக் கைகளுக்கு நல்ல கதவைத் திறப்பதே சிரமம். பழுதான கதவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடுகள் நம்முடையவை.

இது பெரிய வித்தையும் இல்லை. ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையில் போனால் பூட்டும்; திசை மாறினால் திறக்கும். அவ்வளவுதான்.

நான்கு கதவும் ஒரேயடியாக நின்றுவிட்டதா? முதலில் பியூஸைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு வேலை செய்து ரிமோட்டுக்கு மட்டும் செய்யவில்லையா? பெரும்பாலும் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருக்கும். ஒரே ஒரு கதவு மட்டும்தானா? சுவிட்சை அழுத்தச் சொல்லி அந்தக் கதவில் காதை வையுங்கள். சத்தம் கேட்டும் பூட்டு அசையவில்லை என்றால், கம்பி கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும் அல்லது மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் வயர் அல்லது மோட்டார்.

வயர் என்றதும் கதவைக் கழற்ற வேண்டாம். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் வயர் மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கி, வெளியே தெரியாமல் உள்ளே அறுந்துவிடும். கதவைப் பாதி திறந்து வைத்தால் பூட்டு வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், அதுதான்.

எங்கள் காரில் பின்கதவு நின்றபோது, ஒரு கடையில் "செட்டையே மாற்றணும் சார்" என்றார்கள். நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் டெஸ்ட் லாம்பை எடுத்தார். மோட்டார் வரை கரண்ட் வரவில்லை என்று கண்டுபிடித்து, அறுந்த வயரை ஒட்டி, அரைமணி நேரத்தில் முடித்தார். ஆகவே பாகத்தை மாற்றும் முன், "மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா, பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே எதிரில் இருப்பவருக்குத் தொழில் தெரியுமா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டைகள் உண்டு. ஒகேனக்கல் ரோட்டு மண் அவற்றை அடைத்துக்கொண்டால், உள்ளே தேங்கும் ஈரத்தில் பூட்டும் துருப்பிடிக்கும், கதவும் துருப்பிடிக்கும். வண்டி கழுவும்போது ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு கதவுகளையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒருமுறை திறந்து பாருங்கள். சாவியைப் போட்டும் திறந்து பாருங்கள். பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக் போட்டிருந்தால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் நிற்கும் வண்டியைப் பூட்டி, சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காருக்குள் மாட்டிக்கொண்டால் முன்சீட்டுக்கு ஏறி வந்து, விடாமல் ஹார்ன் அடிக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.