கார் செட் மாற்றப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்



போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கதை, கார் செட் கதைதான். நானாவும் நாங்களும் சேர்ந்து வாங்கிய பழைய ஜப்பான் கார் ஒன்று இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குப் பெரிய திரை வைத்த புது செட் ஒன்று போட்டோம். ரேடியோவைப் போட்டால் பாட்டு வருகிறது. போனில் இருந்து புளூடூத்தில் போட்டால் மூச்சுப் பேச்சில்லை. திரையில் பாட்டு ஓடுகிறது, ஸ்பீக்கர் ஊமை. திரும்ப ரேடியோவுக்கு மாற்றினால் 'டொப்' என்று ஒரு அடி அடித்துவிட்டுப் பாடத் தொடங்குகிறது.

செட் பூட்டிய கடைக்கே கொண்டு போனோம். "சேர், உள்ளுக்கு இருக்கிற கம்பனி அம்ப் எரிஞ்சு போச்சு. அதைக் கழட்டி வீசிட்டு ஸ்பீக்கருக்கு நேரா லைன் குடுப்போம்" என்றார்கள். அதற்கு ஒரு விலையும் சொன்னார்கள். ஆசிரியர் சம்பளத்தில் அது சின்ன விலை இல்லை. எரிந்த அம்ப் ரேடியோவுக்கு மட்டும் எப்படிப் பாடும் என்று கேட்டோம். "அது அப்படித்தான் சேர்" என்றார்கள். இருபது வருடமாக வகுப்பில் நின்றவர்களுக்கு 'அது அப்படித்தான்' என்ற பதில் தொண்டைக்குள் இறங்காது. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இதை எழுதுவது அந்தக் கடையைத் திட்டுவதற்கு இல்லை. எங்கள் ஊரில் இப்போது வேன், கார், ஓட்டோ என்று எல்லாவற்றிலும் செட் மாற்றுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் ஐந்து வருடம் நாம் எல்லோரும் இருந்த வண்டியைத்தான் துடைத்து மினுக்கி ஓட்டினோம். திறந்த பிறகும் அந்த விலைக்கு நம்மில் எத்தனை பேரால் வாங்க முடிகிறது? ஆகவே பழைய வண்டிக்குப் புது செட் போடுவது ஆடம்பரம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஜப்பான் வண்டிக்கு அது தேவையும்கூட. ஜப்பானில் எஃப்.எம். 76 இல் இருந்து 90 மெகா ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் இருந்தது, பிறகு 95 வரை கூட்டினார்கள். நம் நாட்டு நிலையங்கள் 108 வரை போகின்றன. ஜப்பான் செட்டோடு வந்த வண்டியில் நம் தமிழ் நிலையங்களில் பல பிடிபடாது. நடுவில் ஒரு சின்னக் கருவி போட்டு இழுக்கலாம், ஆனால் மலைக்கு நடுவில் இருக்கும் நமக்கு ஏற்கனவே அரைகுறையாக வருவது அதில் இன்னும் கரகரக்கும். அதோடு எல்லாம் ஜப்பான் எழுத்து. மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போதுதான் இந்த அம்ப் விஷயம் வருகிறது. சாதாரண வண்டியில் அம்ப் தனியாக இல்லை. செட்டுக்குள்ளேயே ஒரு சின்ன அம்ப் இருக்கும், அதில் இருந்து ஸ்பீக்கருக்கு நேராக வயர் போகும். கொஞ்சம் உயர்ந்த ரக வண்டிகளில் கம்பனியே தனி அம்ப் ஒன்றை சீட்டுக்கு அடியிலோ டிக்கிக்குள்ளோ வைத்து அனுப்பியிருக்கும். மஸ்தாவிலும் நிஸானிலும் சில ரகங்களில் போஸ், டொயோட்டாவில் சிலவற்றில் ஜே.பி.எல். என்று கதவு ஸ்பீக்கர் மூடியில் சின்ன எழுத்து இருக்கும். அமெரிக்காவில் 1983 ஆம் ஆண்டு மொடல் காடிலாக் செவில் காரில் போஸ் தொடங்கிய வேலை இது. ஒரு வண்டியின் கதவு, கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து அந்த வண்டிக்கென்றே அம்ப்பையும் ஸ்பீக்கரையும் அளவெடுத்துச் செய்வது. தையற்காரர் தைத்த உடுப்பு மாதிரி.

இப்படிப்பட்ட வண்டியில் பழைய செட் அம்ப்பிடம் உரக்கப் பேசாது, காதோடு காதாகச் சொல்லும். மிகச் சிறிய மின்னழுத்தத்தில் பாட்டை அனுப்பும், அதைப் பெரிதாக்குவது அம்ப்பின் வேலை. அதோடு "நான் எழும்பிவிட்டேன், நீயும் எழும்பு" என்று இன்னொரு வயரில் 12 வோல்ட் கொடுக்கும். அந்த வயரில் மின் வந்தால் அம்ப் விழிக்கும், நின்றால் தூங்கும்.

இப்போது எங்கள் காருக்கு வருவோம். ஊரில் ஒரு வயரிங் பாஸ் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து, பஞ்சிகாவத்தையில் பல வருடம் வேலை செய்து, வயது போன பிறகு திரும்பி வந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. காரைப் பார்த்ததும் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். "ரேடியோவுக்கு வருது, போனுக்கு வரல்ல, அப்படித்தானே சேர்?" பிறகு செட்டை வெளியே இழுத்து மல்டிமீட்டரை வைத்தார்.

புது செட்டுகளின் பின்னால் பெரும்பாலும் இரண்டு நீல வயர் இருக்கும். ஒன்று முழு நீலம், மற்றது நீலத்தில் வெள்ளைக் கோடு. முழு நீலம் ஏரியலை உயர்த்துவதற்கு. சில செட்டுகளில் ரேடியோ போடும்போது மட்டும்தான் அதில் மின் வரும். வெள்ளைக் கோடு போட்டதுதான் அம்ப்பை எழுப்புவது, செட் வேலை செய்யும் நேரமெல்லாம் அதில் மின் இருக்கும். கடையில் அம்ப்பின் வயரை முழு நீலத்தில் முறுக்கிவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான். பாஸ் ஒரு வயரைக் கழற்றி மற்றதில் போட்டார். பத்து நிமிடம். போனில் இருந்த பாட்டு வந்தது. எரிந்து போனதாகச் சொன்ன அம்ப் எங்களை விட ஆரோக்கியமாக இருந்தது.

கடைக்காரர் சொன்னபடி அம்ப்பை வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது ஓஎல் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. செட் பெட்டியில் '50 வாட் தர 4' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். அதைத் தன்னாலே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்துப் பாருங்கள், 52 வரும். அதுதான் அந்த 50. பாட்டு அப்படி ஓடாது. ஒழுங்கான அலைக்கு அதில் பாதி, இழப்பையும் கழித்தால் 20 வாட் அளவில்தான் நிற்கும். இது ஒரு பக்கம். மறு பக்கம், கம்பனி அம்ப்போடு வரும் ஸ்பீக்கர்கள் பலவற்றில் 4 ஓம் இல்லை, 2 ஓமும் அதற்குக் குறைவும் உண்டு. 4 ஓமுக்கு என்று செய்த செட்டை 2 ஓம் ஸ்பீக்கரில் கொடுத்தால் மின்னோட்டம் இரட்டிப்பாகக் கேட்கும். செட் கொதிக்கும், சத்தம் கூட்டினால் தானாக நிற்கும், கடைசியில் ஒரு நாள் நிற்காமல் செத்துப் போகும். அன்றைக்கும் நமக்குச் சொல்லப்போகும் பதில் "சைனா செட் சேர், அப்படித்தான்."

இன்னொரு தவறும் நடக்கிறது. அம்ப்பை வைத்துக்கொண்டே, செட்டின் ஸ்பீக்கர் வயர்களை நேராக அம்ப்பின் வாய்க்குள் கொடுப்பது. காதோடு சொல்ல வேண்டியதை மைக் வைத்துக் கத்துவது போல இது. சத்தம் இரண்டு மூன்றுக்கு மேலே போனதும் கிழியும், பாட்டு நின்ற நேரத்திலும் 'உஸ்ஸ்' என்று இரையும். அதற்கென்று மின்னழுத்தத்தைக் குறைக்கும் சின்ன மாற்றிகள் விற்கின்றன. இல்லையென்றால் செட்டின் பின்னால் இருக்கும் ஆர்.சி.ஏ. துளைகளில் இருந்து எடுக்க வேண்டும். எஞ்சினை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் மாதிரி ஏறினால், அது அநேகமாக எர்த் வயர் ஒழுங்காகப் பிடிக்காத சத்தம். புது செட் வாங்க வைப்பதற்கு அது காரணமே இல்லை.

இன்னும் புதிய வண்டிகளில் 12 வோல்ட் கொடுத்தாலும் அம்ப் எழும்பாது. வண்டியின் கணினி வலையில் இருந்து அதற்கு ஒரு செய்தி வர வேண்டும். அதற்குரிய இடைப்பெட்டி இல்லாமல் வயரை வெட்டினால் வெட்டினதுதான்.

எங்களுக்கு உண்மையிலேயே வயிறு எரிந்த இடம் அந்த வெட்டுத்தான். செட்டுக்குப் பின்னால் கம்பனி பூட்டிய பிளக் ஒன்று இருக்கும். அதற்குப் பொருந்தும் மாற்று பிளக் கடைகளில் கிடைக்கிறது, செட்டின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அதை வாங்கச் சோம்பல்பட்டு பிளக்கையே வெட்டி, கையால் முறுக்கி, டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிடுகிறார்கள். எங்கள் காரில் எப்போதும் மின் வரும் மஞ்சள் வயரை அப்படித்தான் முறுக்கியிருந்தார்கள். டேப் இளகி வழுக்கிப்போய் செம்பு வெளியே தெரிந்தது. பாஸ் அதைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்தச் செம்பு பொடியின் இரும்பில் பட்டால் ஃபியூஸ் போக வேண்டும். ஃபியூஸ் இருந்த இடத்தில் பெரிய அளவு ஃபியூஸைச் செருகியிருந்தால்? போகாது, வயர்தான் எரியும். காலையில் அதே காரில் நாங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறோம்.

"ஒரு பாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு கதையா மச்சான்?" என்று கேட்ட நண்பர்களுக்கு இதுதான் எங்கள் பதில். ஹயருக்கு ஓடும் வேன்காரர்களே, ப்ரியஸ், அக்குவா வைத்திருப்பவர்களே, உங்களுக்கு இது இன்னும் கூட. அம்ப்பை எழுப்பும் வயரைப் போய் மஞ்சளில் கொடுத்தால் அம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும். ஹைப்ரிட் வண்டியின் சின்னப் பெட்டரி இறங்கிவிட்டால், பெரிய பெட்டரி நிறைந்திருந்தாலும் விடிய நாலு மணிக்கு வண்டி எழும்பாது. கொழும்புக்கு ஆஸ்பத்திரிப் பயணம் இருக்கிற நாளில்தான் அது நடக்கும்.

இன்னொரு வயரும் உண்டு. திரை செட்டுகளில் ஹேண்ட் பிரேக் போட்டால் மட்டும் படம் ஓடுவதற்கென்று ஒரு வயர் வைத்திருக்கிறார்கள். அதை பொடியில் முறுக்கிவிட்டால் ஓடும்போதும் படம் தெரியும். கேட்காமலே செய்து கொடுக்கிறார்கள், கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கினிகத்தேனையில் இருந்து ஹட்டன் வரைக்கும் வளைவையும் பனியையும் தெரிந்த நாம் இதைக் கேட்டு வாங்குவது என்ன புத்தி என்று எங்களுக்கு விளங்கவில்லை. எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும் அளவுக்காவது சத்தத்தையும் குறையுங்கள்.

ஆகவே கடைக்குப் போனால் முதலில் கேளுங்கள்: இந்த வண்டியில் தனி அம்ப் இருக்கிறதா, பிளக்கை வெட்டுவீர்களா? வெட்டுவோம் என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பழைய செட்டையும் கையோடு கேட்டு வாங்குங்கள், வண்டி விற்கும் நாளில் பெறுமதி தெரியும்.

கடைப் பொடியன்மாரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டு, பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் எங்களிடம் படித்தவர்கள்தான். ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோமே தவிர, ஒரு ஸ்பீக்கரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னோமா? இல்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது 2013 இல். இன்றும் 'அது படிக்காத பிள்ளைகளுக்கு' என்று பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எங்கள் காரைத் திருத்திய மனிதரிடம் வேலை பழக வேண்டுமானால், இப்போதே பழக வேண்டும்.

அடுத்த தவணையில் இருந்து சனிக்கிழமை காலைகளில் வந்து பிள்ளைகளுக்குக் காட்டித் தர பாஸ் சம்மதித்திருக்கிறார். மல்டிமீட்டர் இரண்டு வாங்கிவிட்டோம். வீட்டில் கழற்றிப் போட்ட பழைய செட், அம்ப், ஸ்பீக்கர் இருந்தால் இரும்புக்காரருக்குப் போடாமல் எங்களிடம் தாருங்கள். பிளக் வெட்டாத செட் யாரிடமாவது இருந்தால் முதலில் அவர் சொல்லுங்கள்.