ஜன்னலோரத்துத் துளசி

நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பிறகு, மண்தரையை இழந்த குடும்பங்கள் நாலைந்து தொட்டிகளிலாவது துளசியும் ஓமவல்லியும் புதினாவும் வளர்க்க முற்பட்டிருப்பது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் அவ்வழக்கத்தோடு கூடவே ஓர் அபிப்பிராயமும் வேரூன்றிவிட்டது. துளசி இரவிலும் பிராணவாயுவை வெளியிடும், மூலிகைத் தொட்டிகள் அறைக் காற்றைச் சுத்தி செய்யும், அவை இருக்குமிடத்தில் கொசு அண்டாது, வீட்டின் எந்த மூலையில் வைத்தாலும் அவை செழிக்கும் என்று படித்தவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இவை நான்கும் பிழை என்பதும், இப்பிழையால் செடிக்கும் வளர்ப்பவருக்கும் உண்மையான தீங்கு நேர்கிறது என்பதும் என் துணிபு.

1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் பாதிரியார், மெழுகுவர்த்தி எரிந்து அவிந்த காற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து, அதனுள் புதினா இனத்துச் செடியொன்றின் கிளையை வைத்து, சில நாட்களுக்குப் பின் அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடியும் எரியக் கண்டார். செடி காற்றுக்குச் செய்யும் உபகாரத்தை உலகம் அறிந்தது ஒரு மூலிகையின் வாயிலாகவே என்பது நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்க செய்தி. ஆயினும் எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1779இல், யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு வைத்தியர் 500க்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்து, அவ்வுபகாரத்தைச் செய்வன பச்சை நிறமுள்ள பாகங்கள் மட்டுமே என்றும், அதுவும் ஒளி படும்போதுதான் என்றும், இருளில் செடிகளும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கின்றன என்றும் நிரூபித்தார். துளசி இந்த விதிக்கு விலக்கன்று. இரவில் கரியமிலவாயுவை உட்கொள்ளும் கள்ளி வகைகள்கூட, பிராணவாயுவைப் பகலில்தான் வெளிவிடுகின்றன.

அளவு நோக்கினாலும் இதே முடிவுதான். ஒரு செடி ஒரு கிராம் உலர்பொருளைத் தன் உடலில் சேர்க்கும்போது வெளியிடும் பிராணவாயு ஒரு லிட்டருக்கும் குறைவு. மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 லிட்டர் வேண்டும். சிறு தொட்டியில் நிற்கும் துளசியோ நாளுக்கு ஒரு கிராம் வளர்வதே அரிது. இதே கணக்கினால், படுக்கையறையில் செடி இருந்தால் இரவில் மூச்சுமுட்டும் என்னும் எதிர்ப்பக்கத்து அச்சமும் ஆதாரமற்றதாகிறது.

காற்றைச் சுத்தி செய்யும் என்பதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989இல் வெளியிட்ட ஆராய்ச்சியைச் சான்று காட்டுவார்கள். அந்த ஆராய்ச்சி நடந்தது காற்றுப் புகாதபடி மூடிய சிறு பெட்டிகளில். நம் வீடுகளிலோ கதவிடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் காற்று இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தகைய ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு, குறைந்த கணக்கின்படியே தொண்ணூறுக்கு மேற்பட்ட தொட்டிகள்!

கொசு விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. துளசியிலும் எலுமிச்சைப் புல்லிலும் உள்ள தைலத்துக்குக் கொசுவை விரட்டும் குணம் உண்டென்பது மெய்யே. ஆனால் அத்தைலம் இலைக்குள் அடைபட்டிருப்பது. கசக்கினாலோ காய்ச்சி வடித்தாலோதான் போதிய அளவில் வெளிப்படும். சும்மா நிற்கும் செடி கொசுவை ஒன்றும் செய்வதில்லை. மாறாக, தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தெளிந்த நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பித் தேடும் இடம். முட்டை கொசுவாகப் பத்து நாட்களே போதும். தட்டின் விளிம்பில் ஒட்டிய முட்டையோ நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். ஆகையால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும். காப்பென்று நம்பி வைத்த தொட்டியே குழந்தையின் காய்ச்சலுக்குக் காரணமாகக் கூடாதல்லவா?

இனி, எங்கும் வளரும் என்பது. நம் கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால், அறைக்குள்ளும் வெளிச்சம் போதுமென்றே நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் நண்பகல் வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், விளக்கெரியும் கூடத்தில் சில நூறு லக்ஸ்தான். நம் முன்னோர் துளசி மாடத்தை வானம் தெரியும் முற்றத்தில் கட்டியதில் செடியைப் பற்றிய நல்லறிவும் இருக்கிறது. மேனாட்டு நூல்கள் தெற்கு ஜன்னலைச் சிபாரிசு செய்கின்றன. சூரியன் எப்போதும் தென்வானில் உச்சமடையும் லண்டன் போன்ற ஊர்களுக்கு அது பொருந்தும். சென்னையிலோ சூரியன் சித்திரையில் உச்சியைக் கடந்து வடக்கே சென்று, ஆவணியில்தான் மீள்கிறது. இடைப்பட்ட காலத்தில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழுவதே இல்லை. ஆண்டு முழுவதும் காலை வெயிலைத் தருவது, எதிர்க் கட்டடம் மறைக்காத கிழக்கு ஜன்னலே. அங்குத் துளசி ஓரளவு பிழைக்கும். கறிவேப்பிலை மரமாகும் இயல்புடையதாகையால் அதற்கு அந்த இடமும் போதாது.

இந்த நம்பிக்கைகளால் நாலு பேர் செடி வளர்க்கிறார்களே, அதைக் கெடுப்பானேன் என்று நல்லெண்ணத்தோடு கேட்போர் உண்டு. பிராணவாயுவுக்காகப் படுக்கையறை மூலையில் வைத்த துளசி சில வாரங்களில் வெளிறி, இலையுதிர்ந்து, காய்ந்துபோகிறது. தமக்குக் கைராசி இல்லை என்று அந்த வீட்டார் தொட்டியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அப்படி மனம் விட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அண்டை வீட்டில் ஒரு சாண் ஓமவல்லித் தண்டு கேட்டு வாங்கி, அடியில் துளையுள்ள தொட்டியில், செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நட்டு, கிழக்கு ஜன்னலில் வையுங்கள், மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் நீர் விடுங்கள். அரை நிழலையும் பொறுக்கும் அச்செடி சில வாரங்களில் வேர்பிடித்துத் துளிர்க்கும். பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் இருமல் கஷாயத்துக்கும் அதிலிருந்தே இலை பறிக்கலாம்.