இரத்தப் பரிசோதனை சொல்லாதவை

மதுரையைச் சுற்றி ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து சிகிச்சைக்கு வருவோரைக் கண்டதும், “போர் நடந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எச்.ஐ.வி. இருக்குமோ?” என்று காத்திருப்போர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது எங்கள் காதில் விழுகிறது. உண்மையைச் சொன்னால், மருத்துவர்களாகிய எங்களிடமும் ஒரு காலத்தில் இந்த ஊகம் இருந்தது.

ஆய்வு அதை மறுத்துவிட்டது. போரால் சிதைந்த ஏழு ஆப்பிரிக்க நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வொன்று 2007ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்தது. போர் எச்.ஐ.வி.யைப் பெருக்கியது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. இலங்கையோ இத்தொற்று மிகக் குறைவாக உள்ள நாடுகளுள் ஒன்று. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். ஆகவே யார் யாரைச் சந்தேகிப்பது?

போர் விட்டுச்செல்வது வேறொன்று. அந்நாட்டின் வடபகுதியில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று எடுத்துக்காட்டினார். உறக்கமின்மை, குடி, வீட்டுக்குள் அடி என அது தொடர்கிறது. இது முகாம்களுக்கு மட்டும் உரியதன்று. குண்டுச் சத்தமே கேட்டிராத எத்தனையோ வீடுகளிலும் உண்டு. துணைவரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு எச்.ஐ.வி. கூடுதலாகத் தொற்றுவதைத் தென்னாப்பிரிக்க ஆய்வு 2010இல் காட்டியது. அடிக்கு அஞ்சுபவர் ஆணுறையை எப்படிக் கேட்பார்? தொற்று இருப்பதை எவ்வாறு வீட்டில் சொல்வார்? மாத்திரைப் புட்டியின் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பவருக்கு நாள்தோறும் நேரம் தவறாமல் விழுங்குவது எளிதா? மனச்சோர்வும் சேர்ந்தால் மாத்திரை நின்றே போகிறது. தவறாமல் உட்கொண்டு கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றாது என்பதையும் பலர் அறியார்.

ஆதலால், இரத்தத்தை மட்டும் சோதித்து அனுப்புவது அரைகுறை மருத்துவம் என்பதே எங்கள் கருத்து. உகாண்டாவின் ராகாய் பகுதியில் எச்.ஐ.வி. சேவையோடு வன்முறைத் தடுப்பையும் இணைத்தபோது அடியும் குறைந்தது, புதிய தொற்றும் குறைந்தது. இங்கும் “வீட்டில் அச்சமின்றி இருக்கிறீர்களா? உறக்கம் வருகிறதா?” என்று கேட்டே ஆகவேண்டும், தனிமையில் கேட்கவேண்டும். உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கின்றனர். கணவராயினும் தாயாராயினும், அந்தப் பத்து நிமிடத்தை நோயாளிக்கு விட்டுக்கொடுங்கள்.

நோயாளியின் ஒப்புதலின்றித் தொற்று விவரத்தைப் பிறரிடம் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. எச்.ஐ.வி. பற்றி அறிய 1097, பெண்களுக்கான உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.