லேசர் யந்திரமும் பொதுப் பட்டறையும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு யோசனை பேசப்பட்டு வருகிறது. நெசவாளரும், மரச் சிற்பத் தொழிலாளரும், விவசாய அங்கத்தினரும் ஒன்றுகூடிக் கருணாபுரம் பகுதியில் ஒரு பொதுப் பட்டறை நிறுவிக்கொண்டால் என்ன, அதில் கடைத்தெருவில் ‘லேசர் கட்டிங் மெஷின்’ என்று வழங்கும் யந்திரம் ஒன்றை வைத்தால் என்ன என்பதே அந்த யோசனை. நாம் இதனை முழு மனத்துடன் ஆதரிக்கிறோம். ஆயினும், கூட்டங்களில் எழும் கேள்விகள் பெரும்பாலும் யந்திரத்தின் விலையைப் பற்றியனவாகவே இருக்கின்றன. அதன் புகை எங்கே போகும், அதனை இயக்க யார் யாரிடம் கற்பார்கள் என்று கேட்போர் மிகச் சிலர். யந்திரம் வந்து இறங்குமுன் இவ்விரண்டுக்கும் விடை கண்டாக வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

கிராமத்தார் இத்தகைய யந்திரங்களைக் கையாள இயலுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சொல். புணே மாவட்டத்துப் பாபல் கிராமத்தில், டாக்டர் கல்பாக் அவர்கள் 1983-ல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தின் துணையோடு 2002-ல் ஒரு பொதுப் பட்டறை அமைந்தது. உலகில் எழுந்த இவ்வகைப் பட்டறைகளில் அது மிக முற்பட்டவற்றுள் ஒன்று. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்குத் தொழில் கற்பித்துவந்த இடம் அது. இன்னொன்றும் சொல்லத்தக்கது. இந்த யந்திரங்களில் மரமும் துணியும் வெட்டுவதற்கு மிகுதியாகப் பயன்படும் கார்பன்-டை-ஆக்ஸைடு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். பிறந்த ஊர் அதே புணே மாவட்டத்துப் பாராமதி. ஆகவே இது நமக்கு எட்டாத வித்தை என்று எவரும் ஒதுங்க வேண்டுவதில்லை.

யந்திரத்தின் வேலை யாதெனில், கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஏறக்குறைய 20,000 வோல்ட் மின்னழுத்தம் பாய்ச்சி எழுப்பும் ஒளியை, ஆடிகளால் திருப்பி, லென்ஸ் ஒன்றால் ஊசிமுனையளவாகக் குவித்து, அவ்விடத்துப் பொருளை எரித்து நீக்குவதாகும். அவ்வொளி கண்ணுக்குத் தெரியாது. நெருப்பைக் கண்டு விலகும் இயல்பு மனிதனுக்குப் பிறவியிலேயே உண்டு. காணப்படாத நெருப்பிடம் அவ்வியல்பு உதவாது. அதனாலேயே யந்திரம் மூடியுள்ள பெட்டியாகச் செய்யப்பட்டு, மூடியைத் திறந்தவுடன் ஒளி நின்றுவிடும்படி ஒரு விசை அமைக்கப்பட்டிருக்கிறது. வேலை விரைவாக நடக்க வேண்டுமென்று அவ்விசையைக் கம்பியால் கட்டிவைப்போர் உண்டு. அதனை எந்தச் சங்கமும் ஒரு நாளும் அனுமதிக்கலாகாது. இப்பொழுது மலிவு விலையில் விற்கப்படும், பெட்டியே இல்லாத நீல ஒளி யந்திரங்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கார்பன்-டை-ஆக்ஸைடு லேசரின் ஒளியைத் தெளிந்த அக்ரிலிக் மூடி தடுத்துவிடும். நீல ஒளியோ அதே மூடியினூடே சென்று விழித்திரையைச் சுடும். ஒன்றுக்கு உரிய கண்ணாடி மற்றொன்றுக்குக் காப்பாகாது. விலை குறைவு என்பதற்காகத் திறந்த யந்திரத்தை வாங்கும் சங்கம், அங்கத்தினரின் கண்களை ஈடுவைத்து வாங்குகிறது.

அடுத்தது தீ. மரப்பலகையும் அக்ரிலிக் தகடும் வெட்டும்போதே பற்றிக்கொள்ளக்கூடியன. சிறு சுடர் எழுந்த கணத்தில் அருகில் ஆள் இருந்தால் நிறுத்தும் பொத்தானை அழுத்தி, மூடியைத் திறவாமலே அணைத்துவிடலாம். அவர் தேநீர் குடிக்கச் சென்றிருந்தால் கொட்டகையே போய்விடும். ஆதலால் யந்திரம் ஓடும்போது அதைவிட்டு அகலுதல் கூடாது என்பது உலகெங்குமுள்ள பட்டறைகளில் முதல் விதியாக இருக்கிறது. நம் ஊரில் இதனோடு மின்வெட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். மின்சாரம் நின்றால் ஒளியும் நிற்கும், புகைபோக்கி விசிறியும் நிற்கும். பலகையிலுள்ள தணல் மட்டும் நிற்பதில்லை. யந்திரத்தின் அருகே கார்பன்-டை-ஆக்ஸைடு தீயணைப்புக் கருவி இருத்தல் நலம். பொடி வீசும் கருவியும் தீயை அணைக்கும், ஆனால் அப்பொடி ஆடிகளையும் லென்ஸையும் கெடுத்துவிடும்.

எல்லாவற்றினும் நாம் அதிகம் அஞ்சுவது வெட்டக் கொண்டுவரும் பொருளைப் பற்றியேயாகும். பி.வி.சி. தகட்டையும், அப்பூச்சுக் கொண்ட ரெக்ஸினையும் லேசரால் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி நுரையீரலை அரிக்கும். யந்திரத்தின் இரும்புத் தண்டவாளங்களையும் துருப்பிடிக்கச் செய்யும். ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். ஒட்டுப்பலகையின் பசையும் தீய புகை தருவதே; நல்ல புகைபோக்கி இருந்தால்தான் அதனை வெட்டலாம். பார்வைக்கு அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் தரும் துண்டுத் தகட்டில் பெயர் எழுதியிராது.

பொருளின் உள்ளே இருப்பது யாது என்று அறியாமல் ஏற்றுக்கொள்வதன் விலையைக் கருணாபுரத்தாருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. சிலரது பார்வையையும் பறித்தது. நிறத்தாலும் மணத்தாலும் அந்த நஞ்சை எவரும் பிரித்தறியக் கூடவில்லை. அத்துயரத்தைப் பட்டறை விதியோடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. பெயரில்லாத சரக்கு வாசலிலேயே நிறுத்தப்பட வேண்டும் என்பதை இவ்வூரார் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறியார் என்பதையே சொல்கிறோம். கூட்டுறவு இயக்கத்தின் பழைய கடமையும் இதுவே. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலியோர் சிறு கடை திறந்தபோது, அக்காலத்தில் மாவிலும் தேயிலையிலும் மலிந்திருந்த கலப்படத்திற்கு மாறாகத் தூய சரக்கு விற்பதையே தம் பெருமையாகக் கொண்டனர்.

நெசவாளருக்குச் சோதனை முறை புதிதன்று. நூலின் நுனியைக் கொளுத்தி, காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி, மயிர் தீய்ந்த வாடை வந்தால் பட்டு, உருகி மணிபோல் திரண்டால் பாலியெஸ்டர் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். பிளாஸ்டிக் தகட்டுக்கும் இவ்வாறு ஒரு சோதனை உண்டு. செப்புக் கம்பியின் நுனியைச் சுடரில் காய்ச்சி, சூட்டோடு தகட்டில் சிறிது தொட்டு, மீண்டும் சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. அத்தகடு யந்திரத்தினுள் போகலாகாது. திறந்த வெளியில், கடுகளவு பொருளைக் கொண்டு, காற்று வீசும் பக்கம் நின்று செய்வதே முறை.

சென்ற ஆண்டு வெளியூரில் ஒரு பட்டறையைப் பார்க்க நேர்ந்தது. யந்திரம் உயர்ந்த ரகம். புகைபோக்கிக் குழாயோ சுவரைத் தாண்டாமல் அறையின் மூலையிலேயே முடிந்திருந்தது. சுவரைத் துளைக்க மதிப்பீட்டில் பணம் இல்லை என்றார்கள். இயக்கத் தெரிந்தவர் ஒருவரே. அவர் விடுப்பில் சென்றால் பட்டறைக்கும் விடுமுறை. வித்தை ஒருவர் கையில் இருக்குமானால் அது பொதுப் பட்டறை ஆகுமா? ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஆணும் பெண்ணுமாகச் சிலரேனும் முறையாகக் கற்க வேண்டும். கற்பவர் முதலில் பார்த்திருந்து, பின்னர்ப் பயிற்றுநர் அருகிலிருக்கச் சில வேலைகளைத் தாமே செய்து, அதன் பிறகே பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பமிட்டுச் சாவி பெறுதல் தகும். குவியத்தை அளவுகோலால் சரிபார்த்தல், குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று நோக்குதல், வெட்டி முடிந்தபின் புகை வெளியேறும்வரை மூடியைத் திறவாதிருத்தல் ஆகியவை கைப்பழக்கமாக வேண்டும். சித்திரை வெயிலில் வாளித் தண்ணீர் விரைவில் சூடேறிவிடும்; குளிரூட்டும் கருவி வாங்குவது வீண் செலவு ஆகாது.

மரச் சிற்பத் தொழிலாளர் சிலர், யந்திரம் வந்தால் உளிக்கு வேலை போய்விடுமோ என்று அஞ்சுவது நியாயமே. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்திற்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது கைவேலையின் சிறப்பினால். லேசர் தட்டையான பலகையில் கோடு போடும், துளையிடும், அச்சுத் தகடு வெட்டித் தரும். திருமேனியின் முகத்தில் அதனால் பாவம் கொண்டுவர முடியாது. படிவம், பெட்டி, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு யந்திரம் உதவட்டும். லேசரால் பொறித்த பொருளைக் கைச்சிற்பம் என்று விற்பனை செய்தலை மட்டும் சங்கம் தன் உபவிதியிலேயே தடுத்துவிட வேண்டும்.

வரும் பேரவையில் இத்தீர்மானத்தைக் கொண்டுவரும் அங்கத்தினர், யந்திரத்தின் விலையை ஒரு தலைப்பிலும், புகைபோக்கி, தீயணைப்புக் கருவி, பயிற்றுநர் ஊதியம் ஆகியவற்றை மற்றொரு தலைப்பிலும் பிரித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். நிதி போதாவிடில் சிறிய யந்திரமாக வாங்கலாம். இரண்டாம் தலைப்பில் ஒரு ரூபாயும் குறைக்க நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நலம்.