‘பாவம்’ என்று சொல்லாதீர்கள்!

விபத்தில் கை போன பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, “ஐயா, இவன் உடம்பு தேற ஒரு நல்ல லேகியம் கொடுங்க” என்பதுதான். கொடுக்கலாம். பசி எடுக்கும், தெம்பு வரும். ஆனால் அதைவிடப் பெரிய மருந்து வீட்டிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, “ஐயோ, பாவம்!” என்ற விஷத்தைத்தான் பல வீடுகளில் மூன்று வேளையும் ஊட்டுகிறார்கள்.

நான் சொல்வது மிகையாகத் தோன்றினால், ராஜஸ்தானின் சூரு மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் 1981-ல் பிறந்த தேவேந்திர ஜஜாரியாவின் கதையைக் கேளுங்கள்.

எட்டு வயதில் மரம் ஏறியபோது, கிளைகளுக்கு நடுவே இருந்த மின்கம்பியைத் தொட்டுவிட்டார். இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. மின்சாரம் தாக்கினால் வெளியே தோலில் சின்னக் காயம்தான் தெரியும். உள்ளே தசையும் ரத்தக்குழாயும் வெந்து போயிருக்கும். அதனால் “லேசான சூடுதானே” என்று மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்கு! இதைச் சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

கை போன சிறுவன், மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று வீட்டிலேயே முடங்கிக் கிடந்தான். அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? மடியில் வைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. “வெளியே போய் விளையாடு” என்று அனுப்பி வைத்தார். பள்ளி நாட்களில் மூங்கில் கழியையே ஈட்டியாக்கி எறிந்து பழகினார் ஜஜாரியா.

பலன்? 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 62.15 மீட்டர். உலக சாதனையோடு தங்கம்! அதன் பின் 2008, 2012 இரண்டு பாராலிம்பிக்கிலும் அவருடைய பிரிவுக்கு ஈட்டி எறிதல் போட்டியே இல்லை. வேறு யாராக இருந்தாலும் ‘போதும்டா சாமி’ என்று ஒதுங்கியிருப்பார்கள். இவர் விடவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து 2016-ல் ரியோவில் 63.97 மீட்டர் எறிந்து, தன் சாதனையைத் தானே முறியடித்து மறுபடி தங்கம் வாங்கினார். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் 64.35 மீட்டர், வெள்ளி. 23 வயதில் எறிந்ததைவிட 40 வயதில் அதிக தூரம்! 2022-ல் பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய உடம்புப் பாடம் ஒன்று உண்டு. ஆண்களுக்கான ஈட்டியின் எடை 800 கிராம். அதை எறிவது வெறும் கை அல்ல. காலில் பிறக்கும் வேகம் இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறிக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. மற்ற கை உடம்பைச் சமன்படுத்தும். அந்தக் கை இல்லாதபோது காலும் இடுப்பும் முதுகும்தான் அந்த வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டும். பழக்கினால் செய்யும்.

பழக்காவிட்டால்? கை இல்லாத பக்கம் தோள் இறுகிப் போகும். முதுகு ஒரு பக்கம் சாயும். எல்லா வேலையையும் செய்யும் ஒற்றைக் கையில் வலி வரும். ஆகவே புண் முழுக்க ஆறியபின், அறுவை செய்த டாக்டரைக் கேட்டுக்கொண்டு உடற்பயிற்சியைத் தொடங்குங்கள். எங்கள் வைத்தியத்தில் தொக்கணம் என்று எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் முறை உண்டு. தேர்ந்தவரிடம் செய்துகொண்டால் இறுகிய தசை இளகும். ஆனால் போன கையை முளைக்க வைக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. ‘இருக்கிறது’ என்று எவராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தாய்மார்களே, சட்டைப் பொத்தானைப் பிள்ளையே போட்டுக்கொள்ளட்டும். பத்து நிமிஷம் ஆகிறதா? ஆகட்டும், பொறுத்திருங்கள். கடைக்கு அனுப்புங்கள். தெருவில் விளையாட விடுங்கள், விழுந்தால் எழட்டும். வீட்டுக்கு வரும் உறவினர் பிள்ளை காதுபட “பாவம்” என்று உச்சுக்கொட்டினால், “எங்க வீட்டில் அந்த வார்த்தை வேண்டாம்” என்று பெரியவர்களிடமும் தைரியமாகச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் தங்கம் வாங்கப் போவதில்லை. ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு நாளை தாய் தகப்பன் இல்லாத காலத்திலும் பயமில்லை. எந்த லேகியமும் தராத தெம்பு அது!