வளையலும் திலாப்பியாவும்

போன வாரம் கியா பார்ம் சந்தையில் அவித்த சோளம் வாங்கிக்கொண்டிருந்தேன். விற்ற அக்கா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, ரேடியோவுல ஊருக்கெல்லாம் யோசனை சொல்றீங்க. என் மகனுக்கும் ஒன்னு சொல்லுங்க."

மகன் நாலு கூட்டாளிகளோடு சேர்ந்து திலாப்பியா குளம் வெட்டப்போகிறானாம். ஆளுக்கு இரண்டாயிரம் வெள்ளி. அக்காவின் வளையல் அடகுக்கடைக்குப் போகத் தயாராக இருந்தது.

கசப்பானதைத்தான் சொன்னேன். திலாப்பியா வெப்பத்துக்குப் பழகிய மீன். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் தீனி எடுப்பதும் குறையும், வளர்ச்சியும் சுணங்கும். கியா பார்மில் இரவானால் நமக்கே ஸ்வெட்டர் வேண்டும்! குளத்து மீன் வளர்ப்பில் பெரிய செலவே தீனிதான். வளராத மீனுக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் வளையல் திரும்பாது. தெமர்லோவில் பாத்தின் மீன் செழிக்கிறதே என்பார்கள். அது தாழ்நிலம். பகாங் ஆற்றில் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். 2014 டிசம்பர் வெள்ளத்தில் அவர்களும் அடிபட்டார்கள்.

"அப்ப மலையில மீனே வேணாமா?"

சபாவில் ரானாவ் பக்கம் கம்போங் லுவாந்தி என்றொரு ஊர். அங்கே மொரோலி ஆற்றில் மீன் அருகிப்போனபோது ஊரே கூடி 'தாகால்' போட்டது. கடசான்டூசுன் மொழியில் 'பிடிக்கக்கூடாது' என்று பொருள். தாகால் ஆறுகளைப் பகுதிகளாகப் பிரிப்பார்கள். சிவப்பில் யாரும் கை வைக்கக்கூடாது. மஞ்சளில் ஊர் குறித்த நாளில் மட்டும். பச்சையில் விதிப்படி பிடிக்கலாம். மீறினால் ஊர் வழக்கப்படி அபராதம். 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் இதற்குத் துணை. இன்று மொரோலியில் மீன்கள் காலைக் கடிக்க, சுற்றுப்பயணிகள் காசு கொடுத்து நிற்கிறார்கள். அந்த வருமானம் ஊருக்கு.

நம் பெர்த்தாம் ஆற்றில் இதைச் செய்யலாமா? தோட்டங்களிலிருந்து இறங்கும் மண், 1963இல் கட்டிய ரிங்லெட் அணையில் சேறாகக் கிடக்கிறது. அந்த மண்ணை மேலேயே நிறுத்தாமல் எந்த மீனைக் காப்பது?

"குளம்தான் என்றால், வெட்டுவதற்கு முன் மீன்வள இலாகாவில் கேட்கச் சொல்லுங்கள். மீன் செத்தால் நட்டம் யாருக்கு, பாதியில் விலகுகிறவனுக்கு என்ன பங்கு என்று ஐந்து பேரும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்" என்றேன்.

மறுநாள் மகனே அழைத்தான். கோபமாகத்தான் பேசினான். வைப்பதற்கு முன் ஒன்று கேட்டான்: "அண்ணே, தண்ணி சூட்டை எந்த நேரத்துல அளக்கணும்?"

விடியற்காலையில் என்றேன்.